உலைக்குத் திரும்பாத வெண்கலம்

வெண்கலத்துக்கு ஓய்வு கிடையாது. ஓட்டைக் குடத்தை உருக்கிக் கத்தி வார்க்கலாம். மழுங்கிய கத்தியை உருக்கி விளக்காக்கலாம். விளக்கு நெளிந்தால் அதையும் மூசையில் போடலாம். எத்தனை முறை உருக்கினாலும் உலோகம் உலோகமாகவே இருக்கும். அதனால் பழங்காலத்தில் அதைக் குப்பையில் எறிந்தவர்கள் குறைவு. மண்பானை அப்படியல்ல, உடைந்தால் உடைந்ததுதான், ஓடுகள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அகழாய்வுக் குழிகளில் பானை ஓடுகள் மூட்டை மூட்டையாகக் கிடைப்பதும் வெண்கலம் அரிதாகக் கிடைப்பதும் இதனால்தான். கிரேக்க நகரங்களின் சந்தைவெளிகளிலும் கோயில் வளாகங்களிலும் ஆயிரக்கணக்கில் நின்ற பெரிய வெண்கலச் சிலைகளில், ஓரளவு முழுமையாக மிஞ்சியவை மிகச் சொற்பம். மற்றவை பின்வந்த காலங்களில் காசாகவும் ஆயுதமாகவும் பாத்திரமாகவும் மாறிவிட்டன.

மிஞ்சியவற்றைப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. ஏதோ ஒரு காரணத்தால் அவை புழக்கத்திலிருந்து விலகியிருக்கின்றன. கப்பலோடு கடலில் மூழ்கியவை ஒரு வகை. 1920களில் கிரேக்கத்தின் ஆர்ட்டிமிசியோன் முனைக்கு அருகே கடலடியிலிருந்து எடுக்கப்பட்ட, 2.09 மீட்டர் உயரமுள்ள தெய்வச் சிலையும் (அது சியூஸா பொசைடனா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை), 1972இல் இத்தாலியின் ரியாச்சே கடற்கரைக்கு அருகே கிடைத்த இரண்டு வீரர் சிலைகளும் அப்படிப் பிழைத்தவை. தீயிலும் இடிபாட்டிலும் புதையுண்டவை இன்னொரு வகை. மூன்றாவது வகை, தெய்வத்துக்கென்று கொடுத்துவிட்டதால் மனிதர் கைக்குத் திரும்பாமல் போனவை. இவற்றில் பெரும்பாலானவை கையில் அடங்கும் குதிரைகள், காளைகள், வீரர்கள், தெய்வங்கள். தொடக்ககாலக் கிரேக்க வெண்கலக் கலையைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதி இந்தச் சிறு காணிக்கைகளிலிருந்து அறிந்ததுதான்.

மாண்டிக்ளோஸ் கொடுத்தது

அவற்றில் ஒன்று அமெரிக்காவில், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 20.3 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்கும் சற்றுக் குறைவு. கி.மு. 700க்கும் 675க்கும் இடையில் செய்யப்பட்டது என்று கணிக்கிறார்கள். நடுக் கிரேக்கத்தின் பியோஷியா பகுதியில் உள்ள தீப்ஸ் நகரில் கிடைத்ததாகச் சொல்லப்படுகிறது.

முக்கோண முகம், நீண்ட கழுத்து, தோளில் சரியும் சடைகள், அகன்ற மார்பு, ஒடுங்கிய இடை. மார்பின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு உடலை இரண்டாகப் பகுக்கிறது. கால்கள் முழங்கால் அளவில் முறிந்திருக்கின்றன; வலது கையும் இல்லை. மடங்கிய இடது கையின் முட்டியில் ஒரு துளை இருக்கிறது. அதில் ஏதோ ஒன்று செருகப்பட்டிருந்தது. கண்குழிகளில் ஒரு காலத்தில் வேறு பொருள் பதித்திருந்தார்கள். இன்று அவை வெறுமையாக இருக்கின்றன. தலையின் முன்புறத்திலும் ஒரு துளை உண்டு.

கையில் இருந்தது வில் என்றால் இது அப்போலோ தெய்வம். தலைத் துளை தலைக்கவசத்தைப் பொருத்துவதற்கு என்றால் இது ஒரு போர்வீரன், ஒருவேளை காணிக்கை கொடுத்தவரின் உருவமாகவே இருக்கலாம். ஆய்வாளர்கள் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறார்கள். பெரும்பாலோர் அப்போலோ என்றே கொள்கிறார்கள். கொடுக்கப்பட்டது அப்போலோவுக்குத்தான் என்பதில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை. ஏனென்றால் அது உருவத்தின் தொடைகளிலேயே எழுதியிருக்கிறது.

அந்த எழுத்துதான் இந்தச் சிற்றுருவத்தைப் புகழ்பெறச் செய்தது. இரண்டு செய்யுள் அடிகள். உருவமே தன்மையில் பேசுகிறது: தன்னை மாண்டிக்ளோஸ் என்பவர், தொலைவிலிருந்து எய்பவனும் வெள்ளி வில் ஏந்தியவனுமான தெய்வத்துக்கு, தம்முடைய பத்திலொரு பங்கிலிருந்து அளித்ததாகச் சொல்கிறது. பிறகு பேச்சு நேரே அப்போலோவை நோக்கித் திரும்பி, பதிலுக்கு மனம் குளிர ஏதாவது தரும்படி கேட்கிறது. கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், கொடுத்தது எதிலிருந்து, எதிர்பார்ப்பது என்ன என்று ஓர் ஒப்பந்தப் பத்திரத்துக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கின்றன.

கிரேக்கர்கள் ஃபினீசியர்களிடமிருந்து எழுத்தைப் பெற்று, அதில் உயிரொலிகளுக்குத் தனி வரிவடிவம் ஒதுக்கிப் பயன்படுத்தத் தொடங்கி அப்போது சில தலைமுறைகளே ஆகியிருந்தன. எழுதும் திசைகூட நிலைபெறவில்லை. தொடைகளின் மேல் வரி ஒரு பக்கமாக ஓடி, ஏர் மாடு சாலின் முடிவில் திரும்புவதுபோல வளைந்து, எதிர்ப்பக்கமாகத் தொடர்கிறது. பின்னாளில் பெரும்பாலான கிரேக்க வட்டாரங்களில் மறைந்துபோன ஒரு வகர ஒலிக்கான எழுத்தும் இதில் இருக்கிறது. அப்போலோவுக்குச் சூட்டப்பட்டிருக்கும் இரண்டு அடைமொழிகளும் ஹோமரின் இலியத் காவியத்தின் முதல் பகுதியிலேயே வருபவை. ஏறக்குறைய அதே காலத்தில், அதே பியோஷியாவின் அஸ்க்ரா என்ற ஊரில்தான் ஹெசியட் என்ற கவிஞர் வாழ்ந்தார். ஒரு சாண் உலோகத்தில் எழுதப்பட்ட வேண்டுதலிலும் காவிய நடை இறங்கியிருக்கிறது என்றால், அந்த மொழி அவைக்களங்களைத் தாண்டி எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதை ஊகிக்கலாம்.

தெய்வத்திடம் இப்படிக் கணக்குப் பேசுவதைக் கிரேக்கர்கள் துடுக்குத்தனமாகக் கருதவில்லை. இலியத்தின் தொடக்கத்தில், அவமதிக்கப்பட்ட பூசாரி கிரிசெஸ் அப்போலோவை அழைக்கும்போது, தான் முன்பு கோயிலுக்குக் கூரை வேய்ந்ததையும் பலி கொடுத்ததையும் நினைவூட்டிய பிறகே தன் கோரிக்கையை வைக்கிறார். பழைய கொடை புதிய வேண்டுதலுக்கு உரிமை தருகிறது. வேண்டுதல் பலித்தால் அடுத்த கொடைக்குக் கடமை வருகிறது. இப்படி மாறி மாறிக் கொடுக்கும் உறவு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பக்தி. நேர்த்திக்கடன் வைத்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பத்திலொரு பங்கு என்பதும் நிலைத்த வழக்கம். விளைச்சல், வாணிகம், போர்க்கொள்ளை என எந்த வழியில் வந்த வருமானமானாலும் அதில் பத்தில் ஒன்றைத் தெய்வத்துக்கு ஒதுக்குவார்கள். கி.மு. 479இல் பிளாட்டியா போரில் பாரசீகர்களை வென்ற கிரேக்க நகரங்கள், கைப்பற்றிய பொருளில் பத்திலொன்றை டெல்ஃபியில் இருந்த அப்போலோ கோயிலுக்கு எடுத்துவைத்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அதில் உருவானதுதான் மூன்று பாம்புகள் ஒன்றோடொன்று முறுக்கி எழும் வெண்கலத் தூணும் அதன் மேலிருந்த தங்க முக்காலியும். தூணின் சுருள்களில் 31 நகரங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஒரு மனிதரின் பத்திலொன்று ஒரு சாண் உருவமாக நின்றது. 31 நகரங்களின் பத்திலொன்று பல மீட்டர் உயரத் தூணாக எழுந்தது. இரண்டுக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றே.

மெழுகு கொடுத்த இடத்தில் உலோகம்

மாண்டிக்ளோஸின் காணிக்கை செய்யப்பட்ட முறையை மெழுகு வார்ப்பு என்கிறோம். சுவாமிமலை ஸ்தபதிகளின் வேலையைப் பார்த்தவர்களுக்கு இதன் படிகள் புதிதாக இரா. முதலில் தேன்மெழுகில் உருவம் பிடிக்க வேண்டும். அதன்மேல் நயமான களிமண்ணைப் பூசி, அது உலர உலரத் தடித்த மண்ணை அடுக்க வேண்டும். பிறகு சூடாக்கினால் மெழுகு உருகி வழிந்துவிடும். உள்ளே உருவத்தின் வடிவில் வெற்றிடம் நிற்கும். அதில் உருக்கிய வெண்கலத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்து எடுக்க வேண்டும். மெழுகும் போய் அச்சும் உடைந்துவிடுவதால், இந்த நேர்முறையில் ஒரு மெழுகு உருவத்துக்கு ஒரே ஒரு வார்ப்புதான். கிரேக்கத்தின் தொடக்ககால வெண்கலச் சிற்றுருவங்களில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லாததற்கு இதுவே காரணம்.

ஊற்றியபோது பிசகினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சியூஸின் கோயில் தலமான ஒலிம்பியாவில் வார்ப்புக் கழிவுகளோடு, உலோகம் முழுமையாக ஓடாமல் பாதியில் நின்ற உருவங்களும் கிடைத்திருக்கின்றன. கம்மியர்கள் கோயிலடியிலேயே உலை மூட்டி வேலை செய்ததற்கு அவை சான்று. 1875இல் ஜெர்மானியர்கள் அங்கே தொடங்கிய அகழாய்வுகளில், சாம்பல் கலந்த கருமண் அடுக்கில் ஆயிரக்கணக்கான வெண்கல விலங்குருவங்கள் கிடைத்தன. சியூஸின் பலிபீடத்தைச் சுற்றிலும் குவிந்திருந்த காணிக்கைகள் அவை.

வெறும் செம்பிலேயே வார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். கரியும் துருத்தியும் அந்த வெப்பத்தைத் தரும் என்றாலும், உருகிய செம்பு காற்றிலிருந்து வாயுக்களை உறிஞ்சிக்கொள்ளும். இறுகும்போது அவற்றைக் குமிழிகளாக வெளிவிட்டு வார்ப்பைப் பொத்தலாக்கும். சுமார் பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் நிலைமை மாறுகிறது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும் உலோகம். அது கலந்த வெண்கலம் 1,000 டிகிரியை ஒட்டியே முழுத் திரவமாகிவிடும், குமிழிகள் குறையும், சடைப் பின்னல் போன்ற நுண்ணிய இடுக்குகளிலும் ஓடி நிறையும். ஆறிய பிறகு செம்பைவிடக் கடினமாகவும் இருக்கும். செம்பு அணுக்களைவிட வெள்ளீய அணுக்கள் பெரியவை. படிக அடுக்குக்குள் அவை இடம்பிடிக்கும்போது அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்க முடியாமல் தடுக்கின்றன. அந்தத் தடைதான் கடினம்.

சிக்கல் என்னவென்றால், வெள்ளீயம் கிரேக்க மண்ணில் கிடைப்பதில்லை. துருக்கியின் காஷ் நகருக்கு அருகே, உலுபுருன் முனையில் 1982இல் கண்டுபிடிக்கப்பட்ட கப்பல் கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூழ்கியது. அதில் சுமார் 10 டன் செம்பும் சுமார் 1 டன் வெள்ளீயமும் இருந்தன. ஏறத்தாழ வெண்கலத்துக்கு வேண்டிய அதே விகிதம். இஸ்ரேல் கடலோரத்தில் கிடைத்த, கி.மு. 13-12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த வெள்ளீயக் கட்டிகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, அவற்றின் மூலம் பிரிட்டனின் கார்ன்வால் பகுதியாக இருக்கலாம் என்று காட்டியது. மாண்டிக்ளோஸ் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இந்த உலோகம் கண்டத்தின் குறுக்கே பயணித்துக்கொண்டிருந்தது. ஆகவே கோயிலில் வைத்த ஒரு சாண் உருவமும் மலிவான பொருளாக இருந்திருக்க முடியாது.

சிறியது கனம், பெரியது கூடு

மாண்டிக்ளோஸின் உருவம் உள்ளே வெற்றிடமில்லாத கன வார்ப்பு. இந்த அளவுக்கு அது சரிவரும். அளவு பெருகும்போது தொல்லை வரும். இறுகும் வெண்கலம் சுருங்கும். தடித்த பகுதி மெதுவாகவும் மெலிந்த பகுதி விரைவாகவும் ஆறுவதால், உள்ளே வெடிப்பும் பொந்தும் விழும். உலோகச் செலவும் எடையும் மலைக்கவைக்கும். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளைச் செய்தவர்கள் இந்த இடர்ப்பாட்டை நேருக்கு நேர் எதிர்கொண்டு, ஒரு மீட்டரைத் தாண்டிய உருவங்களையும் கனமாகவே வார்த்தார்கள். கிரேக்கர்கள் வேறு வழியில் போனார்கள்.

அவர்களின் முதல் வழி வார்க்காமல் இருப்பது. கிரீட் தீவின் டிரேரோஸில் இருந்த அப்போலோ கோயிலில் 1935இல் மூன்று உருவங்கள் கிடைத்தன. அப்போலோ, அவன் தாய் லீட்டோ, தமக்கை ஆர்ட்டிமிஸ் என்று அவற்றை அடையாளம் காண்கிறார்கள். மாண்டிக்ளோஸின் காணிக்கையோடு ஏறக்குறைய ஒரே காலத்தவை. மூன்றில் உயரமான அப்போலோ சுமார் 80 சென்டிமீட்டர். வெண்கலத் தகட்டைச் சுத்தியலால் தட்டி, மர உருவத்தின் மேல் போர்த்தி ஆணியடித்துச் செய்திருக்கிறார்கள். மரம் மட்கிவிட, தகடு மட்டும் மிஞ்சியது.

இரண்டாம் வழி கி.மு. 6ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. நடுவில் களிமண் கரு வைத்து, அதன் மேல் மெல்லிய மெழுகுப் படலம் போர்த்தி, வெளியே மண் அச்சு கட்டினால், ஊற்றும் உலோகம் படல அளவுக்கே நிற்கும். உள்ளே கூடு. சுவர் தடிமன் ஓரளவு சீராக இருப்பதால் வெடிப்பு குறையும். தலை, கை, கால், உடல் என்று தனித்தனியாக வார்த்துப் பிறகு உருகிய வெண்கலத்தாலேயே ஒட்டவும் கற்றுக்கொண்டார்கள். இந்தக் கலையைத் தொடங்கியவர்கள் சாமோஸ் தீவின் ரோய்க்கோஸும் தியோடோரோஸும் என்று பௌசானியஸ் என்ற பயண எழுத்தாளர் குறித்திருக்கிறார். கையை வீசி நிற்கும் ஆர்ட்டிமிசியோன் தெய்வத்தின் பாய்ச்சல், கூடு வார்ப்பு தந்த விடுதலை. அதே பாய்ச்சலைப் பளிங்கில் செதுக்கினால், நீட்டிய கைகள் தம் எடை தாங்காமல் முறிந்துவிடும்.

கோயிலுக்குள்ளும் எட்டிய உலை

காணிக்கை கோயிலுக்குள் போய்விட்டால் அது தெய்வத்தின் சொத்து. எடுப்பது திருட்டைவிடப் பெரிய குற்றம். வெளியே கொண்டுபோகவும் முடியாது, புதியவை வந்துகொண்டே இருக்கும், இடமோ நெருக்கடி. அதனால் பழையவற்றைக் கோயில் எல்லைக்குள்ளேயே குழிதோண்டிப் புதைப்பார்கள். தளத்தை உயர்த்தும்போது நிரவலுக்கும் போடுவார்கள். தெய்வத்தின் நிலத்தை விட்டு நீங்கவில்லை. அதே நேரத்தில் வழியும் அடைக்கவில்லை. சிறு உருவங்கள் 2,700 ஆண்டுகள் கடந்து நம் கைக்கு வந்ததற்கு இந்த ஏற்பாட்டுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் மதிப்புமிக்க உலோகத்துக்கு எந்த விதியும் நிரந்தரக் காவல் இல்லை. கி.மு. 356இல் ஃபோக்கிஸ் நாட்டவர் டெல்ஃபியைக் கைப்பற்றினர். அடுத்த பத்தாண்டுப் போரில், கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்க, அங்கிருந்த தங்க, வெள்ளிக் காணிக்கைகளை உருக்கிக் காசடித்தனர். லிடியாவின் மன்னன் குரோசஸ் அனுப்பிய தங்கக் கொடைகள் அப்போதுதான் மறைந்தன. பிளாட்டியா வெற்றித் தூணின் உச்சியிலிருந்த தங்கமும் அவர்கள் கைக்குத் தப்பவில்லை. பாம்புகள் வெண்கலம் என்பதால் விட்டுவைத்தார்கள். பின்னர் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் அந்தத் தூணைத் தன் புதிய தலைநகருக்குக் கொண்டுபோனான். இன்றும் இஸ்தான்புலின் பழைய குதிரைப் பந்தயத் திடலில், பாம்புத் தலைகளை இழந்து நிற்கிறது. நீரோ மன்னன் டெல்ஃபியிலிருந்து 500 வெண்கலச் சிலைகளை அள்ளிச் சென்றதாகப் பௌசானியஸ் எழுதுகிறார்.

பறிப்பவர்கள் மட்டும் உருக்கவில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஏதென்ஸ் மக்களவை ஒரு தீர்மானம் போட்டது. நோய் தீர்க்கும் வீரத்தெய்வம் ஒன்றின் கோயிலில் சேர்ந்திருந்த வெள்ளி உறுப்புருக்களையும் காசுகளையும் உருக்கி, அதே தெய்வத்துக்கு ஒரு வழிபாட்டுப் பாத்திரம் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கென்று ஒரு குழு அமைத்தார்கள். தெய்வத்தைச் சாந்தப்படுத்தப் பலி கொடுத்தார்கள். எவர் எவருடைய காணிக்கை உருக்கப்பட்டது என்ற பட்டியலைக் கல்லில் வெட்டி நிறுத்தினார்கள். பொருள் போனாலும் கொடுத்தவர் பெயர் போகக் கூடாது என்று கவலைப்பட்டிருக்கிறார்கள். கல் கிடைத்துவிட்டது, வெள்ளி கிடைக்கவில்லை. மாண்டிக்ளோஸுக்கு அந்தக் கல் தேவைப்படவில்லை. அவர் பெயர் உலோகத்திலேயே இருந்தது. உலோகமும் உலைக்குப் போகவில்லை.

பிறப்பிடத்தை மறக்கும் உலோகம்

வெண்கலத்தின் இந்த மறுபிறவிப் பழக்கம் இன்றைய ஆய்வகங்களுக்கும் தலைவலி. உலோகம் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க நல்லதொரு வழி இருக்கிறது. செம்புத் தாதுவோடு சிறிதளவு ஈயம் இயற்கையாகவே கலந்திருக்கும். ஈயத்துக்கு 204, 206, 207, 208 என்ற நிறை எண்களையுடைய நான்கு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. இவற்றில் 204ஐத் தவிர மற்ற மூன்றும் யுரேனியமும் தோரியமும் சிதைவதால் பெருகிக்கொண்டே வந்தவை. ஒரு தாதுப்படிவு எப்போது உருவானதோ அப்போது இருந்த விகிதம் அதில் உறைந்து நின்றுவிடும். தாதுவை உருக்கினாலும் வார்த்தாலும் அந்த விகிதம் மாறாது. ஆக்ஸ்ஃபோர்டின் நோயல் கேல், சோஃபியா ஸ்டோஸ்-கேல் போன்றோர் இம்முறையைக் கொண்டு கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியின் சைப்ரஸ், ஏதென்ஸ் அருகிலுள்ள லாரியோன் முதலிய சுரங்கங்களின் விகிதங்களை அளந்து, பழம்பொருள்களோடு ஒப்பிட்டார்கள்.

சைப்ரஸ் செம்பு மட்டும் இருந்தால் விடை தெளிவாக வரும். சைப்ரஸ் குடம் ஒன்றும் வேறு நாட்டுக் கோடரி ஒன்றும் ஒரே மூசையில் உருகியிருந்தால்? இரண்டு விகிதங்களும் கலந்து, நடுவில் எங்கோ ஓர் எண் கிடைக்கும். அது எந்தச் சுரங்கத்தையும் குறிக்காது. சில வேளைகளில் தற்செயலாகத் தவறான சுரங்கத்தையே காட்டும். கைவினைஞர் வேண்டுமென்றே ஈயம் சேர்த்திருந்தால் ஆய்வு அந்த ஈயத்தின் ஊரைத்தான் சொல்லும், செம்பின் ஊரை அல்ல. ஆகவே ஒரு பொருளின் எண்ணை வைத்து ஊரை அறுதியிடாமல், ஒரே கோயிலின் பல காணிக்கைகளைச் சேர்த்து அளந்து, எந்தச் சுரங்கத்தை ஒட்டி எண்கள் திரள்கின்றன என்று பார்ப்பதே பயன்தரும். சிதறாமல் ஓரிடத்தில் குவிந்து கிடக்கும் காணிக்கைகள் இங்கேயும் கைகொடுக்கின்றன.

பச்சை முகம்

புழக்கத்திலிருந்து தப்பிய வெண்கலத்துக்கு மண்ணில் வேறு வகை வேதனை காத்திருக்கிறது. இன்று காட்சிப் பெட்டிகளில் காணும் கருமையும் பச்சையும் பழைய கிரேக்கர்கள் பார்த்த நிறமல்ல. புதிதாக வார்த்துத் தேய்த்த வெண்கலம் பொன்னிறமாக மின்னும். அதில் வேறு நிறத்தில் கண்களும் பதித்திருந்தால் உருவம் உயிரோடு பார்ப்பதாகவே தோன்றியிருக்கும். மண்ணின் ஈரமும் உயிர்வளியும் முதலில் செம்பைத் தாக்கிச் செந்நிற ஆக்சைடாக்கும். அதன் மேல் கரியமில வாயு சேர்ந்து பச்சைக் களிம்பு படியும். கெட்டியாகவும் சீராகவும் படிந்துவிட்டால் இந்தக் களிம்பே உள்ளிருக்கும் உலோகத்துக்குக் கவசம். எழுத்தின் கோடுகள் அழியாமல் நிற்பதும் பெரும்பாலும் இதன் தயவில்தான்.

ஆனால் மண்ணிலோ கடல்நீரிலோ உப்பு இருந்தால் கதை வேறு. குளோரைடு உள்ளே ஊடுருவிச் செம்பு குளோரைடாகக் களிம்புக்கு அடியில் பதுங்கும். மண்ணுக்குள் இருக்கும்வரை அது பெரும்பாலும் அடங்கியிருக்கும். தோண்டி எடுத்து ஈரக் காற்றில் வைத்ததும், நீரோடும் உயிர்வளியோடும் வினைபுரிந்து வெளிர்பச்சைத் தூளாகப் பொங்கும். அந்த வினையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பிறக்கும். அமிலம் புதிய செம்பைத் தின்று மறுபடியும் குளோரைடாகும். இப்படிச் சுழன்று சுழன்று, கவனிக்காமல் விட்டால் சிலையைத் தூளாக்கிவிடும். இதைப் பாதுகாப்பாளர்கள் வெண்கல நோய் என்கிறார்கள். மருந்து இரண்டு: பென்சோட்ரையசோல் என்ற வேதிப்பொருளால் செம்பின் மேற்பரப்பைக் கட்டுப்படுத்துவது, காற்றின் ஈரப்பதத்தைச் சுமார் 40 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருப்பது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் காற்று பார்வையாளர்கள் சுவாசிக்கும் காற்றைவிட வறண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

களிம்பு அளப்பவர்களையும் ஏமாற்றும். எக்ஸ் கதிரைப் பாய்ச்சி மேற்பரப்பின் தனிமங்களை அறிவது எளிய, சேதமில்லாத முறை. ஆனால் மண்ணில் செம்பு கரைந்து வெளியேற, வெள்ளீயம் ஆக்சைடாக அங்கேயே தங்கிவிடுவதால், மேற்பரப்பு உண்மையைவிட அதிக வெள்ளீயத்தைக் காட்டும். கலவையின் சரியான விகிதம் வேண்டுமானால் களிம்பைத் தாண்டி, கண்ணுக்குப் படாத இடத்தில் சில மில்லிகிராம் துருவல் எடுத்தாக வேண்டும். எதை அறிய எவ்வளவு சேதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற கேள்வியை ஒவ்வொரு அருங்காட்சியகமும் ஒவ்வொரு பொருளுக்கும் தனியே எடைபோடுகிறது.

குழி சொல்வது

இத்தனை கருவிகள் இருந்தும், மாண்டிக்ளோஸின் காணிக்கையில் ஒரு கேள்விக்கு எந்த ஆய்வகமும் விடை தர முடியாது: எந்தக் கோயிலில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது? தீப்ஸில் இஸ்மெனியோன் என்ற புகழ்பெற்ற அப்போலோ கோயில் இருந்தது. அங்கே முக்காலிகளில் மிகப் பழைய எழுத்துகளைத் தாம் பார்த்ததாக ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். மாண்டிக்ளோஸ் அங்கேதான் கொடுத்திருப்பார் என்று நினைப்பது பொருத்தமாக இருக்கிறது. ஆனால் அருகே கிடந்த பானை ஓடு, சாம்பல், எலும்பு, மண்ணடுக்கு எதுவும் பதிவாகாமல் உருவம் மட்டும் கைமாறி வந்ததால், அதை மெய்ப்பிக்க வழியில்லை. செய்யப்பட்ட காலத்தைக்கூட உருவ நடையையும் எழுத்தின் வடிவத்தையும் வைத்துத்தான் கணிக்க வேண்டியிருக்கிறது.

முறையாகத் தோண்டிய இடங்களில் நிலைமை எவ்வளவு வேறானது என்பதற்கு அண்டை நாடான ஃபோக்கிஸின் கலபோடியைப் பார்க்கலாம். அங்கே ஜெர்மானிய அகழாய்வாளர்கள், கோயிலுக்குள் ஒரு கல்மேடையில், வைத்தது வைத்தபடி காணிக்கைகளைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஒரு சிறு வெண்கல இளைஞன் உருவமும் இருந்தது. காணிக்கை எந்தப் பக்கம் பார்த்து நின்றது, அதன் அருகே என்ன வைத்தார்கள், எப்போது மூடப்பட்டது என்பதையெல்லாம் அந்த மேடை சொல்லிவிட்டது. அழகில் அது மாண்டிக்ளோஸின் உருவத்துக்கு ஈடாகாது. வழிபாடு எப்படி நடந்தது என்று கேட்டால் அதுவே முன்னால் நிற்கும்.

பழம்பொருள்களின் சட்டவிரோத ஏற்றுமதியையும் விற்பனையையும் தடுக்க 1970இல் யுனெஸ்கோ கொண்டுவந்த உடன்படிக்கை, பொருளைத் தாயகத்துக்குத் திருப்பும் சட்டமாக மட்டுமே பெரும்பாலும் பேசப்படுகிறது. அறிவியலின் பார்வையில் அதன் பயன் வேறொன்று. களவாகத் தோண்டிய பொருளுக்குச் சந்தை குறையுமானால், தோண்டாமல் விடப்படும் குழிகள் கூடும். திருடிய சிலையை என்றாவது மீட்டுவிடலாம். கலைத்துவிட்ட மண்ணடுக்கை மீண்டும் அடுக்க முடியாது. வெண்கலத்தை உலையிலிருந்து காப்பாற்றியது தெய்வத்துக்குக் கொடுத்ததைத் தொடக்கூடாது என்ற விதி. அது கிடக்கும் மண்ணைக் காப்பாற்ற, அதே அளவு கண்டிப்புள்ள விதி இப்போது நமக்கு வேண்டியிருக்கிறது.